லிஸ்பெத் ஹொக்ஸ்மா, வெளியீட்டு இடம்

லிஸ்பெத்தின் பரப்பளவு எத்தனை ஹெக்டேர் என்று கேட்டிருந்தார்கள்.

ரூலோஃப் ஹொக்ஸ்மா அந்தக் கேள்வியை மூன்று தரம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு நாலாவது தரமும் படித்தார். கேள்வி மாறவில்லை. அடுத்த கேள்வி, அந்த இடத்தில் கடைசியாகப் பயிரிடப்பட்டது என்ன என்பது. அதற்கும் அடுத்தது, இடத்தைச் சுற்றி வேலி உண்டா, உண்டென்றால் முயல் தாண்டாத உயரமா என்பது. லிஸ்பெத் அவருடைய ஒரே மகள். வயது இருபத்தேழு. ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா கேக்குறாங்க?" என்றாள்.

"நீ எத்தன ஹெக்டேர்னு கேக்குறாங்க."

"கிறிஸ்மஸ் சாப்பாட்டுக்கு அப்புறம் அளந்தா கொஞ்சம் கூடும். இப்பவே எழுதிடு."

ரூலோஃப் ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில், ஊஸ்டர்ஸெய்ல் கிராமத்துத் தூக்குப் பாலத்தின் காவலர். முப்பத்தோரு வருடமாகப் படகு வந்தால் பாலத்தைத் தூக்குவார், படகு போனால் இறக்குவார். வெயில் காலத்தில் ஊரே அந்தப் பாலத்திலிருந்துதான் தண்ணீரில் குதிக்கும். குதிக்கக் கூடாது என்று ஒரு பலகை இருக்கிறது. குதிக்கிறவர்கள் அதன்மேல்தான் துண்டைக் காயப்போடுவார்கள். லிஸ்பெத் பத்து வயதிலிருந்து குதித்தவள். போன ஜூலை இருபத்தொன்றாம் தேதி பேருந்து ஓட்டி முடித்து வந்தவள், வெக்கை தாங்காமல் சீருடைச் சட்டையை அப்பாவின் காவல் அறைக்குள் எறிந்துவிட்டுத் தலைகீழாகப் பாய்ந்தாள். மழையில்லாத வருடம். தண்ணீர் ஒரு முழம் குறைந்திருந்தது. அது ரூலோஃபுக்குத் தெரியும்; அன்று காலை அளவுகோலைப் பார்த்து நோட்டில் எழுதியவரே அவர்தான். பாயப் போகிறவளைப் பார்த்துக் கையசைக்கவும் செய்தார்.

கழுத்தில் ஐந்தாவது எலும்பு நொறுங்கி உள்ளே ஓடும் தண்டுவடம் நசுங்கிவிட்டது. தோளைக் கொஞ்சம் உயர்த்த முடியும். அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

அக்டோபரில், பெரிய மருத்துவமனையில், செல்மா ரைக்கன் என்ற மருத்துவர் அப்பாவையும் மகளையும் உட்கார வைத்துப் பேசினார். மெலிந்த அம்மாள், பொய் சொல்லத் தெரியாத முகம். மூக்கின் உள்சுவரில், மணம் அறியும் நரம்புகளுக்குத் துணையாக ஒருவகைச் செல்கள் இருக்கின்றன. தண்டுவடத்தில் அறுந்த நரம்பு அறுந்ததுதான். மூக்கில் மட்டும் அது ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்தச் செல்களைத் துளி எடுத்து, ஆய்வகத்தில் பெருக்கி, நரம்பை வளரத் தூண்டும் புரதம் ஒன்றைச் சுரக்கும்படி அவற்றுக்குள் ஒரு மரபணுவைச் சேர்த்து, நசுங்கிய இடத்தில் வைப்பார்கள்.

"நடக்க வைக்க முடியாது" என்றார் செல்மா. "அத இப்பவே சொல்லிடுறேன். வலது கை மட்டும். முழங்கை மடங்கலாம். விரல்ல ஏதாவது பிடிப்பு வரலாம். வரும்னு சொல்லல, வரலாம். செல்லு அந்தப் பக்கத்துக்கும் இந்தப் பக்கத்துக்கும் நடுவுல ஒரு பாலம் மாதிரி நிக்கும்."

ரூலோஃபுக்குப் பாலம் என்றால் கேட்க ஒரு கேள்விதான் உண்டு. "யாரு தூக்குவாங்க, யாரு இறக்குவாங்க?" என்றார். செல்மா சிரிக்காமல் யோசித்து, அதைத்தான் கண்டுபிடிக்கப் பார்க்கிறோம் என்று பதில் சொன்னார். அந்த நொடியிலிருந்து ரூலோஃபுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"கை மூக்கு வரைக்கும் வருமா?" என்று லிஸ்பெத் கேட்டாள்.

"வரலாம்."

"அப்ப எனக்கு அது போதும், டாக்டர். அப்பா ஒரு நாளைக்கு நாப்பது தடவ என் மூக்கச் சொறிஞ்சு விடுறாரு. ஒரு தடவகூடச் சரியான இடத்துல சொறிஞ்சதில்ல."

ஒரே ஒரு நிபந்தனை. அடிபட்டு ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டும். அதற்குமேல் போனால் உள்ளே தழும்பு இறுகிவிடும், செல் புகாது. ஜூலை இருபத்தொன்று கடைசி நாள். அக்டோபரிலிருந்து ஜூலை எவ்வளவு தூரம்! அப்பாவும் மகளும் திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

சிரிப்பு நவம்பர்வரை நீடித்தது. மூக்கிலிருந்து செல் எடுத்தாகிவிட்டது. ஆய்வகத்தில் அது பெருகிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஹேக் நகரத்திலிருந்து முப்பத்தெட்டுப் பக்க விண்ணப்பம் வந்து சேர்ந்தது. அனுப்பியது மரபணு மாற்றிய உயிரிகளின் வெளியீட்டு வாரியம். மரபணு சேர்த்த எந்த உயிர்ப்பொருளும் ஆய்வகத்தைவிட்டு வெளியே வந்து எங்கே வைக்கப்படுகிறதோ அது வெளியீட்டு இடம். சட்டத்தை எழுதியவர்கள் உருளைக்கிழங்கை மனத்தில் வைத்து எழுதியிருந்தார்கள். ஆனால் சட்டத்துக்கு முன் எல்லோரும் சமம். ஆகவே லிஸ்பெத் வெளியீட்டு இடம். ரூலோஃப், இடத்தின் பொறுப்பாளர்.

கடிதத்தில் இருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். இளமையான, உற்சாகமான குரல் எடுத்தது.

"ரூலோஃபா? நான் பாஸ்டியான். உங்க கோப்ப நான்தான் பாக்குறேன். பேரச் சொல்லியே கூப்பிடுங்க, எங்க வாரியத்துல ஏத்தத்தாழ்வே கிடையாது. சொல்லுங்க, என்ன சிக்கல்?"

"ஹெக்டேர்னு போட்டிருக்குங்க. இது என் பொண்ணு."

"புரியுது. ரொம்ப வருத்தமான விஷயம். சுழியம், புள்ளி, அப்புறம் மூணு சுழியம் போட்டு எழுதுங்க, கணினி ஏத்துக்கும். பயிருக்கு 'இல்லை'ன்னு போடாதீங்க, தரிசு நிலம்னு நினச்சு வேற துறைக்கு அனுப்பிடும்."

"பின்ன என்ன போடறது?"

"புல்லுன்னு போடுங்க. புல்லுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

ரூலோஃப் புல் என்று எழுதினார். எழுதும்போது மகள் பக்கம் திரும்பவில்லை.

டிசம்பரில் மஞ்சள் அறிவிப்புப் பலகை வந்தது. வெளியீடு நடக்கும் இடத்தில், ஆறு வாரம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், பொதுவழியில் போகிறவர் படிக்கும்படி நிற்க வேண்டும் என்பது விதி. லிஸ்பெத் உட்கார்ந்தால் அவ்வளவு உயரம் வராது. ரூலோஃப் நாற்காலியின் முதுகில் ஒரு கம்பியைக் கட்டி அதன் உச்சியில் பலகையை மாட்டினார். 'இவ்விடத்தில் மரபணு மாற்றிய உயிரிகளை வெளியிட உத்தேசிக்கப்பட்டுள்ளது. ஆட்சேபணை உள்ளோர் தெரிவிக்கலாம்.' அந்தப் பலகையோடு அவள் கடைக்குப் போனாள், தேவாலயத்துக்குப் போனாள், பல் மருத்துவரிடம் போனாள். மிதிவண்டியில் வந்தவர்கள் காலூன்றி நின்று கடைசி வரிவரைக்கும் படித்துவிட்டுப் போனார்கள். இந்த நாட்டில் பலகை வைத்தால் படிக்காமல் யாரும் போவதில்லை. கீழ்ப்படிவது வேறு விஷயம்.

"எல்லாரும் என் தலைக்கு மேலயே பாத்துப் பேசுறாங்கப்பா" என்றாள் லிஸ்பெத். "நேத்து ஒரு அம்மா பலகைக்கே வணக்கம் சொல்லிட்டுப் போறாங்க."

ஜனவரியில் ஊர்ச் சமூகக் கூடத்தில் கருத்துக் கேட்பு மாலை. ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட். பிஸ்கட் டப்பாவை நீட்டி, ஒன்று எடுத்ததும் மூடிவிட்டார்கள். வாரியத்தின் தலைவி அலைடா ஃபான் ரேனன் நேரில் வந்திருந்தார். வழக்கப்படி அறையைச் சுற்றி வந்து ஒவ்வொருவரிடமும் கை நீட்டித் தன் பேரைச் சொன்னார். லிஸ்பெத்திடம் வந்ததும் நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ஒரு கணம்தான். பழுத்த அதிகாரி, தடுமாறவில்லை. கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி மஞ்சள் பலகையைத் தட்டிக்கொடுத்தார்.

"சிலர் எங்களப் பத்தித் தப்பா பேசுறாங்க" என்று அலைடா தொடங்கினார். "வாரியம் நோயாளிகளுக்கு எதிரியாம். ஆதாரமே இல்லாத குற்றச்சாட்டு. வாரியத்தோட கண்ணுல நோயாளின்னு ஒருத்தரே கிடையாது, அப்புறம் எப்படி எதிரியா இருக்க முடியும்? இருபது வருஷத்துல நாங்க அனுமதிச்ச எந்த வெளியீட்டாலயும் ஒரு சின்னப் பாதிப்புகூட வந்ததில்ல. ஏன்னா, அனுமதி கிடைக்கிற வரைக்கும் யாரும் காத்திருந்ததில்ல. எங்க கவனத்துக்கு அதவிட வேற சான்று வேணுமா?"

கைதட்டினார்கள். இங்கே யார் பேசி முடித்தாலும் கைதட்டுவார்கள்.

தேனீ வளர்க்கும் ஒருவர் எழுந்து, அந்தச் செல்களால் தன் தேனீக்களுக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டார். நல்ல மனிதர், தெரியாமல்தான் கேட்டார். போன வருடம் போட்ட ரவுண்டானாவையே இன்னும் மன்னிக்காத இன்னொருவர், எதுவாக இருந்தாலும் தன் ஆட்சேபணையைப் பதிவுசெய்யச் சொன்னார்.

லிஸ்பெத் குரல் கொடுத்தாள். "நான் தும்மினா என்ன ஆகும்?"

அவள் விளையாட்டுக்குத்தான் கேட்டாள். பாஸ்டியான் தலையை நிமிர்த்தாமல் எழுதிக்கொண்டார். தும்மல் பற்றிய துணை ஆய்வுக்கு மூன்று வாரம் பிடித்தது.

முடிவில் அலைடா ஒன்று சொன்னார். ஆட்சேபணை மட்டுமில்லை, குடிமக்கள் எந்தக் கருத்தை வேண்டுமானாலும் இம்மாதம் முப்பத்தொன்றுக்குள் எழுதி அனுப்பலாம், வாரியம் மனமார வரவேற்கிறது என்றார். அது ரூலோஃபின் மனத்தில் தைத்தது. ஆட்சேபணை இரண்டுதான். ஆதரவு ஊர் முழுக்க இருக்கிறதே! யாருக்காவது கால் சுளுக்கினால்கூட வாழ்த்தட்டை அனுப்புகிற ஊர் இது. லிஸ்பெத்தின் பேருந்தில் ஏறாத ஆள் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பாலத்தைத் தூக்கும் ஒவ்வொரு தரமும், காத்து நிற்கும் வண்டிக்காரர்களிடம் ரூலோஃப் இறங்கிப் போய்க் கேட்டார். வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்டறியாதவர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். "எம்பொண்ணுக்காக ரெண்டு வரி எழுதுங்க."

எழுதினார்கள். துலிப் பூப் போட்ட அட்டை, முயல் போட்ட அட்டை, குழந்தைகள் மெழுகுக் குச்சியால் வரைந்த பேருந்துகள். அறுநூற்றுப் பதினொன்று. ரூலோஃப் ஒவ்வொன்றையும் மகளுக்கு வாசித்துக் காட்டினார். வாசிக்க ஒரு வாரம் ஆயிற்று. ஓய்வுபெற்ற தபால்காரி யான்ட்யே பூமா எழுதியதை லிஸ்பெத் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். 'மழையில நான் நிக்கிறதப் பாத்து, நிறுத்தமே இல்லாத இடத்துல பேருந்த நிறுத்தி என்னை ஏத்திக்கிட்ட பொண்ணு இவ. இவளுக்கு ஒரு கையக் குடுங்க.' ரூலோஃப் எல்லாவற்றையும் சரக்கு மிதிவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்த் தன் கையாலேயே தபாலில் சேர்த்தார். "இத்தன பேரு சொல்லும்போது எவன் முடியாதுன்னு சொல்லுவான்?" என்றார் மகளிடம். விபத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

பிப்ரவரி முடிந்தது. மார்ச் முடிந்தது. பதில் இல்லை. ஏப்ரலில் ஊர்க்காரர்களுக்கு ஒவ்வொன்றாகக் கடிதம் வரத் தொடங்கியது. ரொட்டிக் கடைக்காரர் தனக்கு வந்ததை எடுத்துக்கொண்டு பாலத்துக்கே வந்துவிட்டார்.

"ரூலோஃப், இது என்னய்யா? நான் பாட்டுக்கு முயல் படம் போட்ட அட்டைல தைரியமா இருன்னு எழுதினேன்."

'தங்கள் கருத்து எண் 214' என்று தொடங்கியது கடிதம். 'தாங்கள் வெளியீட்டு இடத்தைத் தைரியமாக இருக்கும்படி கேட்டுக்கொண்டுள்ளீர்கள். இடத்தின் தைரியம் வாரியத்தின் ஆய்வு வரம்புக்குள் வராது. எனினும் தாங்கள் இணைத்துள்ள படத்தின் அடிப்படையில் இடத்தில் முயல் நடமாட்டம் உண்டா என்பதை அறிய வல்லுநர் ஒருவர் அனுப்பப்படுவார்.'

வல்லுநர் வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார். லிஸ்பெத்தைச் சுற்றிவந்து, முயல் இல்லை என்று எழுதி, அவளுக்கு நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ரூலோஃப் விடுப்பு எடுத்துக்கொண்டு ஹேக் போகும் ரயிலைப் பிடித்தார். பாஸ்டியான் வாசலுக்கே வந்து வரவேற்றார். சிவந்த கன்னமுள்ள, யாருக்கும் தீங்கு நினைக்காத பையன் மாதிரி இருந்தார். ஓர் அறையைத் திறந்து காட்டினார். நீள மேசைகளில் ஊஸ்டர்ஸெய்லின் அட்டைகள் எல்லாம் எண் ஒட்டி வரிசையாகக் கிடந்தன.

"பாருங்க ரூலோஃப்! வாரிய வரலாற்றுலயே இவ்வளவு பேரு பங்கெடுத்ததில்ல. அலைடா ஆண்டறிக்கையோட முகப்பு அட்டையிலயே போடச் சொல்லிட்டாங்க."

"அதெல்லாம் ஆதரவுங்க. ஆட்சேபணை ரெண்டுதான்."

"ஆமா, அது ரெண்டுக்கும் பிப்ரவரியிலயே பதில் எழுதியாச்சு. தேனீக்குப் பாதிப்பில்ல. ரவுண்டானா நம்ம துறையில்ல. அதோட நின்னிருந்தா மார்ச் ஒண்ணாந்தேதி அனுமதி கையில இருந்திருக்கும்."

"இருந்திருக்குமா?" என்றார் ரூலோஃப்.

"கண்டிப்பா. ஆனா சட்டம் ஆதரவு, ஆட்சேபணைன்னு பாகுபாடு பாக்காது. எல்லாமே கருத்து. ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனியா, காரணத்தோட பதில் சொல்லணும். குடிமகனோட குரல் அது, அலட்சியம் பண்ண முடியுமா? ஒரு வாரத்துக்கு இருபது முடிக்கிறோம். செப்டம்பருக்குள்ள முடிச்சுடுவோம்."

"ஜூலை இருபத்தொண்ணுதான் கடைசி நாளுங்க. அதுக்கப்புறம் தழும்பு இறுகிடும்."

பாஸ்டியானின் முகம் உண்மையாகவே வாடியது. "தழும்பு எங்க கோப்புல இல்லையே" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஒரு வழி இருக்கு" என்றார். "எழுதினவங்களே அவங்கவங்க கருத்தத் திரும்ப வாங்கிக்கலாம். கையெழுத்தோட. யாரும் வற்புறுத்தலன்னும் எழுதித் தரணும்."

திரும்பும் ரயிலில் ரூலோஃப் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்தானே கேட்டேன், நான்தானே சுமந்துகொண்டு போய்ச் சேர்த்தேன் என்பதைத் தவிர மனத்தில் வேறொன்றும் ஓடவில்லை. இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து வீடு வீடாக ஏறி இறங்கினார். மகள் குணமாக வேண்டும் என்று எழுதியவர்களிடம், அப்படி விரும்பவில்லை என்று எழுதி வாங்க வேண்டும். ரொட்டிக் கடைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடை ஷட்டரை இறக்கிக்கொண்டார். ஒரு வீட்டில் ஏழு வயதுப் பெண், "அப்ப அக்காவுக்குக் குணமாக வேண்டாமா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மா படிவத்தைப் பிடுங்கித் தானே அவள் பேரை எழுதிக் கொடுத்தாள். சிலர் கதவைத் திறக்கவில்லை. கோபமில்லை, எப்படி முகம் பார்ப்பது என்று தெரியாததுதான் காரணம். ஐந்து வாரத்தில் அறுநூற்றுப் பத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். கால் வீங்கிப்போயிற்று.

மிச்சமிருந்தது ஒன்று. யான்ட்யே பூமா மார்ச் மாதம் இறந்துபோயிருந்தார்.

"அப்ப அவங்க கருத்தும் போச்சுதானே?" என்று ரூலோஃப் தொலைபேசியில் கேட்டார்.

"இல்லையே" என்றார் பாஸ்டியான். "மரணத்தால கருத்து காலாவதி ஆகாது. அது ஜனநாயகத்துக்கே விரோதம். வாரிசு யாராவது வாபஸ் வாங்கலாம்."

வாரிசு ஓர் அண்ணன். ஐம்பது வருடம் முன்பு கனடாவில் குடியேறி அங்கே மாட்டுப் பண்ணை வைத்திருக்கிற கிழவர். காது மந்தம். ரூலோஃப் கத்திக் கத்தி விஷயத்தைச் சொல்லி, அந்த இரண்டு வரியையும் வாசித்துக் காட்டினார்.

"என் தங்கச்சி கடைசியா எழுதினது அதுவா?" என்றார் கிழவர்.

"ஆமாங்க, அப்படித்தான் நினைக்கிறேன்."

"அவ அத எழுதவே இல்லன்னு நான் எப்படிய்யா கையெழுத்துப் போடுவேன்? நீயே சொல்லு. வேற என்ன வேணும்னாலும் கேளு."

ரூலோஃபால் வற்புறுத்த முடியவில்லை. வற்புறுத்தவில்லை என்றுதான் படிவமும் கேட்கிறது. நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆகவே வாரியம் யான்ட்யே பூமாவுக்குப் பதில் எழுதியது. கை கொடுப்பது வாரியத்தின் அதிகாரத்தில் இல்லை என்று நாலு பக்கத்துக்கு விளக்கி, ஜூன் பதினைந்தாம் தேதி அவருடைய பூட்டிய வீட்டு முகவரிக்கு அனுப்பியது. பதில் பெற்றவருக்கு அதில் திருப்தி இல்லையென்றால் முறையிட ஆறு வார அவகாசம் உண்டு. இறந்தவர் அதிருப்தி அடைகிறாரா என்று பார்க்க ஜூலை இருபத்தேழுவரை காத்திருக்க வேண்டும்.

செல்மா ரைக்கன் ஹேக்குக்கே போய் அலைடாவிடம் மன்றாடினார். "ஆறே ஆறு நாள்தான் தாண்டுது, விட்டுக்குடுங்க" என்று கேட்டார். அலைடா கனிவாகப் பதில் சொன்னாராம்: "நாங்களும் அதத்தான் சொல்றோம். ஆறே ஆறு நாள்தானே, பொறுத்துக்கோங்க."

பிறகு செல்மா ஊஸ்டர்ஸெய்லுக்கு வந்தார். காபியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் பேசினார்.

"நான் ஆறு நாள் கழிச்சுப் பண்ணலாம்னு எங்க நெறிமுறைக் குழுகிட்ட கேட்டேன். எங்க ஆய்வுத் திட்டத்துல பன்னெண்டு மாசம்னு எழுதியிருக்கு. அத எழுதினது நான்தான். பன்னெண்டு மாசம் ஆறு நாள்னா அது வேற ஆய்வாம். புது விண்ணப்பம், புது அனுமதி." குரல் உடைந்தது. "செல்லும் ரொம்ப நாள் தாங்காது. இதுக்கு மேல பெருக்கினா கிழடாயிடும். லிஸ்பெத், என்னை மன்னிச்சிடும்மா."

"அழுதீங்கன்னா உங்க கண்ணத் தொடச்சு விட எனக்கு வழியில்ல, டாக்டர்" என்றாள் லிஸ்பெத். "காபியக் குடிங்க, ஆறிடும்."

ஜூலை இருபத்தொன்று நல்ல வெயில். பிள்ளைகள் பாலத்தின்மேல் நின்றிருந்தார்கள். ரூலோஃபைப் பார்த்ததும் யாரும் குதிக்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளுக்கு எதிரில் உட்கார்ந்தார். நாள் முழுக்கச் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னார். "நான் சும்மா இருந்திருந்தா போதும். நான்தான் கெடுத்தேன்."

"அறுநூத்துப் பதினோரு பேரு எனக்காக எழுதினாங்கப்பா" என்றாள் லிஸ்பெத். "அத நீ கேட்டு வாங்கினதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. திருப்பிக் குடுத்துட்டு வந்தியே, அதான். அது மட்டும் எங்கிட்ட இருந்திருக்கலாம்."

இருபத்தெட்டாம் தேதி அனுமதி வந்தது. கனமான தாள், அரசு முத்திரை. யான்ட்யே பூமாவிடமிருந்து முறையீடு எதுவும் வரவில்லை என்பதை வாரியம் மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டது.

கதை அதோடு முடிந்திருந்தால் ஒருவிதத்தில் நல்லது. ஆனால் பயன்படுத்தாத அனுமதியை அப்படியே விட்டுவிட முடியாது. இடத்தில் ரகசியமாக எதுவும் வெளியிடப்படவில்லை என்று நேரில் சரிபார்த்துக் கோப்பை மூட வேண்டும். செப்டம்பரில் பாஸ்டியான் வந்தார். ஆப்பிள் கேக் வாங்கி வந்திருந்தார். மேசைமேல் படிவத்தை விரித்துக்கொண்டு லிஸ்பெத்தைப் பார்த்துக் கேட்டார்.

"கையில ஏதாவது அசைவு?"

"இல்ல."

"முழங்கை?"

"இல்ல."

"விரல்?"

"இல்லங்க."

"ரொம்ப நல்லது" என்று பாஸ்டியான் மூன்று குறியிட்டு, 'இடத்தில் மாற்றம் எதுவும் இல்லை' என்று எழுதினார். படிவத்தைத் திருப்பி அவளுக்கு முன்னால் நகர்த்தி, மேலே பேனாவை வைத்தார். "இங்க ஒரு கையெழுத்து."

லிஸ்பெத் பேனாவைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். பாஸ்டியானுக்கு அது உறைக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. காதுவரை சிவந்துவிட்டார்.

"நான் போடுறேன், குடுங்க" என்றார் ரூலோஃப்.

"பொறுப்பாளர் கையெழுத்து விண்ணப்பத்துக்குத்தான் செல்லும், ரூலோஃப். முடிவறிக்கைல அவங்களேதான் போடணும். அவங்க சார்பா வேற யாரும் பேசிடக் கூடாதுன்னு போன வருஷம்தான் அந்த விதியக் கொண்டு வந்தோம். மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் பாருங்க." படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு கட்டம்தான் இருக்கு. கையொப்பமிட்டார். கையொப்பமிட மறுத்தார்."

"மறுத்தார்னு போட்டுக்கோங்க" என்றாள் லிஸ்பெத்.

"அப்படிப் போட்டா காரணம் கேக்கும்."

"கேக்கட்டும். இந்த ஒரு வருஷத்துல நானா செஞ்ச காரியம் இது ஒண்ணுதான். அத எழுதிக்கோங்க."

பாஸ்டியான் அதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். ரூலோஃப் அதுவரை மகளுக்கு முன்னால் அழுததில்லை. அன்றைக்கு, அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூடப் பார்க்காமல், வாய்விட்டு அழுதார்.